நாப்பதாயிரமாவது பீர்

இல்ல, நீ எந்திரிக்காத, படு. நான் சும்மாதான் வந்தேன். அந்தத் தலகாணிய மட்டும் கொஞ்சம் தூக்கி விடறேன், இரு. ம். இப்பச் சரியா இருக்கா? கைய ஆட்டாத, ஊசி கழண்டுக்கும். நர்ஸம்மா வாசல்லயே புடிச்சுச் சொல்லிட்டாங்க. ராய்ஸ்டன், அவரு தாடையக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு, ஆறு வாரத்துக்கு வாயத் தெறக்கக் கூடாது, நீங்க ஏதாவது பேசி அவரச் சிரிக்க வெச்சிடாதீங்கன்னு. நான் சொன்னேன், அம்மா, முப்பத்திமூணு வருஷமா ஒத்தைக்கொம்பு பப்புல பீப்பா பாக்கறவன் நான், எம் பேச்சக் கேட்டு இதுவரைக்கும் எவனும் சிரிச்சதில்லன்னு.

இந்தா, இது உனக்கு. வர்ற அவசரத்துல கல்லாப் பக்கத்துல மாட்டியிருந்தத உருவிப் பைல போட்டுட்டேன். பஸ்ஸுல ஏறினப்பறந்தான் பாக்கறேன், பன்னித்தோல் வறுவல். தாடை ஒடஞ்சு கெடக்கறவனுக்குப் பன்னித்தோல் வறுவல் கொண்டாந்த ஒரே ஆளு இந்த ஷெஃபீல்டுல நானாத்தான் இருப்பேன். சரி, மொறைக்காத. நானே தின்னுக்கறேன்.

என்ன எழுதற? அந்த வெள்ளப் பலகைய இப்படித் திருப்பு, கண்ணாடி கொண்டாரல. மணியா? ரெண்டே முக்கால். வக்கீலம்மா நாலு மணிக்குத்தான வர்றாங்க. நேரம் கெடக்கு.

தெரியும்ப்பா. க்ளெனிஸ் சொன்னா. பப்பு மொதலாளின்னா ஊர்ல நடக்கறதெல்லாம் அவ காதுக்குத்தான் மொதல்ல வரும். பத்திரத்துல கையெழுத்துப் போடப் போறியாம். நீயும் உன் தம்பி டீனும் ராதர்ஹாம்ல ரயில் பாலத்துக்கு அடியில பதினோரு வருஷமா ஒண்ணா பீர் காய்ச்சினீங்க, அது இன்னிக்கி நாலு மணியோட சரி, டீன் அவன் வழியப் பாத்துக்கிட்டுப் போகட்டும்ங்கற. உன் பட்டறை, உன் தம்பி. நடுவுல நான் யாரு சொல்றதுக்கு.

அதில்ல, நான் கேக்க வந்தது வேற. அன்னிக்கி உனக்கு எதுவரைக்கும் ஞாபகம் இருக்கு? கேக்கு வரைக்குமா? அதுக்கப்பறம் ஒண்ணுமே இல்லியா? கூடாரம், கூட்டம், நெவில் மூஞ்சி, எதுவுமே? ம். டாக்டரும் அதான் சொன்னாராம், அடிக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் அழிஞ்சு போயிருக்கும், திரும்பி வராதுன்னு. அப்ப உனக்கு யாரும் ஒழுங்காச் சொல்லியிருக்க மாட்டாங்க. ஆளாளுக்கு அவனவன் அடிச்ச அடியத்தான் சொல்லுவான். நான் வரிசையாச் சொல்றேன், கேளு. கேக்கறதுக்குத் தாடை வேண்டாம்.

நெவில் டிங்கிள உனக்கு ஒரு எட்டு வருஷமாத் தெரியுமா? எனக்கு முப்பது. நம்ம டிக்குக்காரனுங்கள்லயே சாது அவன். எல்லாருக்கும் ஒரே வியாதிதான், ஒரு தடவ குடிச்ச பீர மறுதடவ தொட மாட்டான், புதுசு குடிச்சு, நோட்டுல பேர எழுதி, டிக் அடிச்சாத்தான் தொண்டைக்குள்ளயே எறங்கும். நாப்பது வருஷமா ஒரே பீரக் குடிக்கற எனக்கு அது வெளங்கினதே இல்ல. ஆனா நெவில் மாதிரி ஒருத்தனப் பாத்தா கேலி பண்ண வாய் வராது. முனிசிபல் ஆபீஸ்ல பஸ் நேர அட்டவணை எழுதிட்டு இருந்தவன். சாக்ஸு போட்டு அதுக்கு மேல செருப்பு. பன்னண்டாயிரத்துல பொண்டாட்டி விட்டுட்டுப் போனா, இருபத்தாறாயிரத்துல இடுப்பு எலும்பு மாத்தினாங்க. அவன்கிட்ட வருஷக் கணக்கே கெடையாது, எல்லாம் பீர் கணக்குதான். அம்மா செத்தது எப்படான்னா முப்பத்தொண்ணாயிரத்து நூத்தி எட்டுன்னுவான்.

அவன் நாப்பதாயிரத்துக்காகத்தான இந்தத் தடவ திருவிழாவே வெச்சோம். மத்த வருஷம் ஆகஸ்டு கடைசில வெப்போம், இவன் நாப்பதாயிரத்த நெருங்கிட்டதும், திருவிழா வரைக்கும் இழுக்க எண்ணி எண்ணிக் குடிக்கறான் பாவம்னு க்ளெனிஸ் தேதிய முன்னாடி தள்ளினா. பப்பு முத்தத்துல கூடாரம், மர மேடைல இருபத்தினாலு பீப்பா, அதுல ஒண்ணு நீங்க அவனுக்குன்னே காய்ச்சினது. பேரிக்கா மரப் புகைல வாட்டின தானியம். பேரு கூட நாப்பதாயிரத்தான். ஒலகத்துலயே ஒரே ஒரு பீப்பா, மொத கிளாஸு அவனுக்கு. அவன் அத ஒரு மாசமா பாக்கறவன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சான்.

ஆமா, நீயுந்தான் தூங்காம காய்ச்சின. தெரியும்.

அப்பறம் கேளு. சனிக்கெழம பன்னண்டு மணி. நெவில் மொத மடக்கு குடிச்சான். கண்ண மூடினான். பின்னாடி முப்பத்தஞ்சு டிக்குக்காரனுங்க கிளாஸும் நோட்டுமா வரிசைல நிக்கறானுங்க. அவன் டிக் அடிச்சப்பறந்தான் இவனுங்க அடிக்கணும், அது மரியாதை. நெவில் அடிச்சான். எல்லாரும் கை தட்டினாங்க. க்ளெனிஸ் கேக்க வெட்டினா. இவனுங்களும் குடிச்சுட்டு டிக் அடிச்சானுங்க. நெவில் ரெண்டாவது மடக்கு குடிச்சான். அப்பத்தான் அவன் மூஞ்சி செத்துச்சு.

கிளாஸப் பதமாக் கீழ வெச்சான். மேடைக்குப் பின்னாடி போயிக் குனிஞ்சு, பைலேந்து டார்ச்ச எடுத்து பீப்பா மேல அடிச்சான். மேல் அடைப்பான்ல நீங்க தொகுதி நம்பர் குத்தி அனுப்புவீங்கல்ல, அதப் படிச்சான். நோட்டப் பொரட்டினான். முன்னூத்திப் பதினொண்ணு. பன்னண்டு நாளைக்கு முன்னாடி பார்ன்ஸ்லி ஸ்டேஷன் பப்புல குடிச்சது. கரித்தூள். நீங்க போன மாசம் காய்ச்சின கரித்தூள் பீருதான், புதுப் பேரட்டைய மாட்டிக்கிட்டு நிக்குது. நெவில் பேனாவ எடுத்து நாப்பதாயிரத்துக்கு மேல ஒரு கோடு கிழிச்சான். அதப் பாத்துப் பக்கத்துல நின்னவன் கிழிச்சான், அவனப் பாத்து அடுத்தவன். முப்பத்தஞ்சு பேனா கிர்ரு கிர்ருனு கிழிக்கற சத்தம். யாரும் பேசல. அது எனக்குப் புடிக்கல தம்பி. இத்தன பேரு சேந்து வாய மூடினா அடுத்தது ரத்தம்னு நான் மைதானத்துலயே படிச்சவன்.

நான் இரும்பாலைல இருந்த காலத்துல சனிக்கெழமன்னா வேற வேலையே கெடையாது. செவப்புச் சட்ட, நீலச் சட்ட, ரெண்டும் இதே ஊரு. பந்தாட்டம் முடிஞ்சதும் பாலத்துக்கிட்ட நிப்போம். இந்த ரெண்டு முன்பல்லும் அங்கதான் போச்சு. நானும் சும்மா வரல, ஒருத்தன் காதக் கடிச்சுத் துப்பியிருக்கேன். அவன் பேரு தெரியாது, நீலம்னு மட்டும் தெரியும். அதனால சொல்றேன், எனக்கு அடிதடி புதுசில்ல. ஆனா நோட்டுக்காக அடிச்சுக்கறத அன்னிக்கித்தான் பாத்தேன், செவப்பு நீலமெல்லாம் அதுங்கிட்டப் பிச்ச வாங்கணும்.

நெவில் நிமிந்து என்னமோ கேட்டான். மெதுவாத்தான் கேட்டான். அப்பறம் பாத்தா பீப்பா தட்டற கொட்டாப்புளி அவன் கைல இருக்கு. நாலு எட்டு வெச்சு உங்கிட்ட வந்தான். நீ ஒதுங்கக் கூட இல்ல. ரெண்டு கையாலயும் தூக்கி, பக்கவாட்டுல ஒரு வீச்சு. காஞ்ச மரப் பெட்டிய மிதிச்சா வருமே, அந்தச் சத்தம். நீ அப்படியே கேக்கு மேல விழுந்த. வெள்ளக் க்ரீம்ல ரத்தம் பரவுது, உன் பல்லு ஒண்ணு, கேக்குல நாப்பதாயிரம்னு எழுதியிருந்ததுல அந்த நாலுக்குப் பக்கத்துல கெடக்கு. நெவில் ரெண்டாவது தூக்கினான். அது விழுந்திருந்தா இப்ப நான் பன்னித்தோல் வறுவல உன் கல்லறைலதான் வெச்சிருக்கணும்.

யாரு தடுத்தாங்கற? டீன். வேற யாரு. மேடைக்கு அந்தப் பக்கத்துலேந்து தாவினான். நடுவுல ஒரு பீப்பா இருந்துச்சு, அது அவனுக்குக் கண்ணுலயே படல. நெவில் கழுத்தக் கட்டிக் கீழ தள்ளி, அவன் தலையப் புடிச்சு மேடைக் கட்டைல மோதினான். ஒண்ணு, ரெண்டு, மூணு. மண்டை பொளந்துச்சு. நெவில் வலிக்குதுன்னு கூடச் சொல்லல, பொய்யனுங்க, பொய்யனுங்கன்னு முனகிட்டே இருக்கான். அதுக்குள்ள ஹட்டர்ஸ்ஃபீல்டுலேந்து வந்த டிக்குக்காரனுங்க ரெண்டு பேரு தகரத் தட்ட எடுத்து டீன் முதுகுல, தலைல, மாறி மாறி. தட்டு ரெண்டா மடங்குற வரைக்கும் அடிச்சானுங்க. உங்க பட்டறை பையனுங்க சும்மா இருப்பானுங்களா, கிளாஸ ஒடச்சுக் கைல புடிச்சுட்டானுங்க. ஒருத்தன் நெத்தி கிழிஞ்சு கண்ணுல தொங்குது, அவன் அதக் கையால தூக்கிப் புடிச்சுக்கிட்டே எதுத்தவன ஒதைக்கறான். மேடை ஒரு பக்கம் சாஞ்சுது. நெறஞ்ச பீப்பா உருண்டா என்ன கனம்னு உனக்குத் தெரியும், அது நேராப் போயி ஒரு பொம்பளை மொழங்கால் மேல ஏறி எறங்குச்சு. அவ போட்ட சத்தத்துல அடிக்கறவனே ஒரு நிமிஷம் நின்னுட்டான். அப்பறம் மறுபடி ஆரம்பிச்சுட்டான்.

நானா? நான் என்ன பண்ணேன்னு கேக்கற. பண்ணேன். எம் பக்கத்துல ஒருத்தன் உன் வயித்துல மிதிக்கப் போனான், அவன் சுண்டுவிரலப் புடிச்சுப் பின்னால மடக்கினேன். டக்குனு ஒடஞ்சுது. அவன் மூக்குல எந் தலையால ஒரு முட்டு. அறுபத்தொரு வயசுல. வெக்கமில்லாமச் சொல்றேன், ஒடம்பு பூரா சூடாச்சு, அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. க்ளெனிஸ் தோட்டத்துத் தண்ணிக் கொழாயத் தெறந்து எல்லார் மூஞ்சிலயும் அடிச்சா. அப்பறந்தான் போலீஸ் வந்துச்சு. முத்தத்துல தண்ணி, பீரு, ரத்தம், கேக்கு, நனஞ்ச நோட்டு. பதினாலு பேர வண்டில ஏத்தினாங்க. நெவிலக் கொண்டு போறப்ப கூட அவன் யாரையும் திட்டல. என் நோட்ட நனைக்காதீங்கன்னான்.

அவனா, உள்ளதான் இருக்கான். கொலை முயற்சின்னு போடலாமான்னு யோசிக்கறாங்களாம். நான் போயிப் பாத்தேன், செவ்வாக்கெழம. தலைல பதினெட்டுத் தையல். ராய்ஸ்டன், நான் இப்ப முப்பத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுல நிக்கறேன்னான். அவ்வளவுதான் சொன்னான். வயசு அறுபத்தி நாலு. எட்டு வருஷம் குடுத்தா எழுவத்திரெண்டு. ஒரு பீரு பாக்கி.

பாவமாங்கறியா? நான் பாவம்னு சொல்லல. உன் மூஞ்சியப் பாத்தப்பறம் எப்படிச் சொல்லுவேன். என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், அவ்வளவுதான்.

நாறுதா? வறுவல மூடி வெச்சிடறேன்.

திங்கக்கெழம நடந்தத உங்கிட்டச் சொன்னாங்களா? டீனுக்கு? கை ஒடஞ்சிருக்குன்னு மட்டும் சொன்னாங்களா. சரிதான். தடுக்கி விழுந்துட்டான்னு சொல்லியிருப்பாங்க. மூணு பேரு போயிருக்கானுங்க பட்டறைக்கு. பட்டப்பகல். அவன் தனியாத்தான் இருந்தான், நீ இங்க, மத்தவனெல்லாம் லாக்கப்புல. கதவச் சாத்திட்டு, எந்தக் கையால ஊத்தினன்னு கேட்டிருக்கானுங்க. இவன் சொன்னானாம், நான் நாப்பதாயிரத்தான்தான் ஊத்தினேன், சத்தியமா அதான் ஊத்தினேன்னு. எந்தக் கைன்னுதான் கேட்டோம்னானுங்களாம். வலது கையத் தரைல வெச்சு, ஒருத்தன் மணிக்கட்டு மேல ஏறி நின்னுக்கிட்டான், மத்த ரெண்டு பேரும் ஒரு பீப்பாவத் தூக்கி நட்டுக்குத்தலாப் போட்டானுங்க. நாலு விரலு. ஒண்ணு இனி மடங்காதாம். போறப்ப இருந்த பீர் அத்தனையும் சாக்கடைல தெறந்து விட்டுட்டு, கதவுல பொய்யன்னு பெயின்ட்டுல எழுதிட்டுப் போயிருக்கானுங்க.

தம்பி. தம்பி, இரு. அழுதா மூக்கடைக்கும், வாயால மூச்சு விட முடியாது. அழாத. மூக்கால மெதுவா இழு. ம். நர்ஸக் கூப்பிடவா? வேண்டாமா?

என்ன எழுதற. அவனுக்கு வேணும்ங்கற. ரெண்டு கோடு வேற போட்டிருக்க அடியில.

நெசமாவே வேணுமா? கண்ணு, எனக்குப் புரியுது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கிறிஸ்துமஸுக்கு அவன் ஒரு தடவ அப்படிப் பண்ணான். மிஞ்சின பீருக்குப் புதுப் பேரு ஒட்டி அனுப்பினான், நீ கண்டுபுடிச்சு அடிச்ச, அவன் ஒத்துக்கிட்டான். ஒரு தடவ பண்ணவன் மறுபடி பண்ணுவான்னு நீ நெனைக்கற. ஊரே நெனைக்குது. புதுப் பீர ஒளிச்சு வெச்சுட்டுப் பழசக் கொண்டாந்துட்டான்னு ஒருத்தன், குடிச்சுட்டு மாத்தி ஏத்திட்டான்னு இன்னொருத்தன். நான் ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி ஒத்துக்கிட்டவன், கைய நசுக்கறப்பவும் இத ஒத்துக்கலயே, ஏன்?

நேத்து அவன் எங்கிட்ட வந்தான். பகல் மூணு மணி, பப்புல ஆளில்ல. கட்டுப் போட்ட கையோட நெலவறைப் படில வந்து உக்காந்தான். நீ இவனப் பாக்க மாட்டேன்னு சொல்லிட்டியாமே. ரெண்டு தடவ வந்து வாசல்லயே திரும்பிப் போயிருக்கான். உக்காந்து, அண்ணே, நீங்க முப்பத்திமூணு வருஷமா பீப்பா பாக்கறவரு, சொல்லுங்க, நான் தப்பா ஊத்தியிருப்பேனான்னு கேட்டான். எனக்கே இப்பச் சந்தேகமா இருக்கு, ஞாபகத்துல நான் சரியாத்தான் ஊத்தறேன், ஆனா எல்லாரும் சொல்றப்ப ஒருவேள கைமாறி ஊத்திட்டேனோ, எங்கண்ணன் தாடைய நாந்தான் ஒடச்சேனோன்னான். பெரிய ஆம்பள, நாப்பது வயசு. படில உக்காந்து தேம்பறான். ஒரு பைன்ட் ஊத்திக் குடுத்தேன். எடது கையால புடிச்சுக் குடிச்சுட்டுப் போனான்.

அதுலேந்து எனக்குச் சோறு எறங்கல. அவன் என்ன அடிச்சிருந்தாக் கூட தாங்கியிருப்பேன்.

மணி மூணு இருபது. இரு, அந்தத் திரைய இழுத்து விட்டுக்கறேன். பக்கத்துப் படுக்கைக்காரரு காதத் தீட்டிட்டுப் படுத்திருக்காரு.

அந்த பீப்பா வியாழக்கெழமயே வர வேண்டியது. இன்னும் ரெண்டு நாள் ஊறட்டும்னு நீதான் புடிச்சு வெச்ச. டீன் சனிக்கெழம காலைல பத்து மணிக்குக் கொண்டாந்து எறக்கினான். அன்னிக்கி வெயிலு உனக்கு ஞாபகம் இருக்கும். வேன்ல குலுங்கிக் குலுங்கி வந்திருக்கு, கைய வெச்சாச் சுடுது. டீன் எறக்கிட்டு, அண்ணே, இது ரொம்பத் துள்ளுது, பாத்து, நான் போயி அண்ணனக் கூட்டியாறேன்னுட்டுப் போனான். கூடாரத்துல நான் மட்டுந்தான். க்ளெனிஸ் உள்ள கேக்கு அடுக்கிட்டு இருந்தா.

துள்ற பீப்பாவ என்ன பண்ணணும்? நான் சொல்ல வேண்டியதில்ல. மேல் ஓட்டைல மூங்கில் குச்சியச் சொருகி, உள்ள இருக்கற மூச்ச வெளிய விடணும். நொர நொரயாக் கக்கும், கக்கட்டும்னு விடணும். நாலு மணி நேரமோ, ராத்திரி முழுக்கவோ. அது அடங்கினப்பறந்தான் கொழாய வெச்சு ஒரே அடி. முப்பத்திமூணு வருஷத்துல மூங்கில் குச்சி வெக்காம நான் கொழா அடிச்சதே கெடையாது. எவனாவது அப்படிச் செஞ்சா அவன பப்புக்குள்ளயே விட மாட்டேன். ஆனா மணி பத்தரை. பன்னண்டுக்கு நெவில் வந்து நிப்பான், முப்பத்தஞ்சு பேரு பின்னாடி நிப்பானுங்க. பீரு இன்னும் தயாராகல, நாளைக்கு வாங்கன்னு நான் சொல்லணும். நம்ம ராய்ஸ்டனுக்கு வயசாயிடுச்சுன்னு அவனுங்க மூஞ்சில தெரியும். எனக்கு அது ஆகல. என்ன ஆயிடும், நம்ம கைக்கு அடங்காத பீப்பா உண்டான்னு நெனச்சேன். கொழாய வெச்சேன். அடிச்சேன்.

ஆமா.

கொழா எங் கையப் பிச்சுக்கிட்டுப் பறந்துச்சு. பீரு நேரா நெஞ்சுல அடிச்சுது, மல்லாக்க விழுந்தேன். படுத்த வாக்குல பாக்கறேன், கூடாரத்துத் துணில போயி மோதிக் கொட்டுது. எழுவத்திரெண்டு பைன்ட். எந்திரிச்சு ஓட்டைய அடைக்கலாம்னு ரெண்டு தடவ போனேன், தள்ளி விட்டுடுச்சு. முழுசாக் காலியாகற வரைக்கும் நான் கீழதான் கெடந்தேன்.

வாயில சொட்டுச்சு தம்பி. மேல துணிலேந்து. நாக்குல பட்டுச்சு. மொதல்ல புகை, பின்னாடி பழம், அப்பறம் ஒரு கசப்பு வந்து ரெண்டையும் புடிச்சு வெச்சுக்குது. நீயும் டீனும் காய்ச்சினதுலயே அதான் ஒசத்தி. நான் இந்த வாயால குடிச்சதுலயே அதான் ஒசத்தி. ஒலகத்துலயே அதக் குடிச்ச ஒரே ஆளு நாந்தான், அதுவும் மல்லாக்கப் படுத்து.

டீன் சரியாத்தான் ஊத்தியிருந்தான்.

என்ன அப்படிப் பாக்காத. சொல்லி முடிச்சிடறேன், நடுவுல நிறுத்தினா மறுபடி வராது. காலி பீப்பாவ உருட்டிக் காலிங்களோட போட்டேன். மேடைல உங்க கரித்தூள் நாலு நாளா அடங்கித் தயாரா இருந்துச்சு, அதோட காகிதத்தக் கிழிச்சுட்டு நாப்பதாயிரத்தான் காகிதத்த ஒட்டி, பேரட்டைய மாட்டினேன். ரெண்டும் கருப்புதான, ஒரு மடக்கு குடிச்சு டிக் அடிச்சுட்டுப் போயிடுவான்னு நெனச்சேன். அடைப்பான்ல குத்தின நம்பரு எனக்குத் தோணவே இல்ல. கூடாரத்துக்குத் தண்ணி அடிச்சு விட்டேன், வெயிலுக்கு அடிக்கறதுதான், யாரும் கேக்கல. கரித்தூள் வரலன்னு சிலேட்டுல எழுதினேன். நீ வந்து எங் கையக் குலுக்கின, நல்லா இருக்கா அண்ணேன்னு கேட்ட. பிரமாதம்னேன். அது பொய்யில்ல, அது மட்டும் பொய்யில்ல.

போலீஸ் ஆறு மணிக்கு வர்றாங்க. நாந்தான் வரச் சொன்னேன், பப்புக்கு. க்ளெனிஸுக்கு இன்னும் தெரியாது. உங்கிட்டத்தான் மொதல்ல. வக்கீலம்மா வந்தா அந்தப் பத்திரத்த என்ன பண்ணணும்னு உனக்கே தெரியும்.

இன்னொண்ணு இருக்கு. பெரிசா ஒண்ணும் இல்ல. உனக்கு அழிஞ்சு போன அந்த அஞ்சு நிமிஷம். நெவில் கோடு கிழிச்சுட்டு நிமிந்து என்னமோ கேட்டான்னு சொன்னேன்ல. எங்கிட்டத்தான் கேட்டான். பீப்பா எம் பொறுப்பு, வேற யார்கிட்டக் கேப்பான். ராய்ஸ்டன், இத யாரு பண்ணதுன்னான். கொட்டாப்புளி அப்ப எங் கைல இருந்துச்சு. கொட்டாப்புளிய மேடைல வெச்சுட்டு, கைய நீட்டி உன்னத்தான் காட்டினேன். நீ கேக்குத் துண்ட வாயில போட்டுக்கிட்டு, என்னப் பாத்து நல்லாச் சிரிச்சுக்கிட்டு இருந்த.